சூரியப் பாய் கட்டிய கலம் துருவத்துக்கு மேலே அப்படியே நிற்குமா?

மாஹேபூர் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மொரீசியஸில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அறிவியல் என் பாடம் இல்லை. ஆனாலும் போன வாரம் வகுப்பில் எழுந்த ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது மனதை விட்டுப் போகவும் மாட்டேன் என்கிறது.

ஐந்தாம் வகுப்பில் தமிழ் எடுத்த பிள்ளைகள் பதினொரு பேர். எல்லாரும் வீட்டில் கிரெயோல் பேசுகிறவர்கள். வாசிப்புப் பயிற்சிக்கு வாரம் ஒரு பக்கம் நானே எழுதிக்கொண்டு போவேன். இந்த வாரம் இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் பற்றி எழுதினேன். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பியது, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி தன் இடத்தைப் பிடித்தது, அங்கிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். இதுதான் பாடம். கடைசி வரியைப் படித்ததும் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கினான். அவனுடைய மாமா எங்கள் ஊர் படகுப் போட்டியில் பிரோக் என்ற பாய்ப்படகு ஓட்டுகிறவர். "டீச்சர், அது ஏன் அந்த இடத்தில்தான் நிற்கிறது? வேறு இடத்தில் நிற்காதா?" என்றான். சூரியன் இழுப்பதும் பூமி இழுப்பதும் அங்கேதான் கணக்காகச் சேர்ந்து வருகின்றன என்று தெரிந்த மட்டும் சொன்னேன். "சரி, பாய் கட்டினால்?" என்றான்.

சூரிய ஒளியே பாயைத் தள்ளும் என்பதைப் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாயை வைத்து நினைத்த இடத்தில் நிற்கலாமா என்பது எனக்குத் தெரியவில்லை. பையனிடம் அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

என் சொந்தக் குழப்பம் ஒன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். அப்பா மீன்பிடிக்கப் போனவர். எங்கள் கரையில் தென்கிழக்குக் காற்று கடலிலிருந்து நேராக ஊருக்குள் அடிக்கும், ஜூலையில் இன்னும் கடுமை. அதனால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. எதிர்க்காற்றில் போக அப்பா பாயைச் சாய்த்துப் பிடித்து, கோணல்மாணலாக இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று லகூனைத் தாண்டுவார். காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் படகு வழுக்கிப் போகாததற்குக் காரணம் அடிக்கட்டையும் தண்ணீரும். இதை அவர் என் கையைத் தண்ணீருக்குள் நீட்டச் சொல்லிக் காட்டியிருக்கிறார். கையை நீரோட்டத்துக்கு நேராகப் பிடித்தால் சுலபமாகக் கிழித்துக்கொண்டு போகும், குறுக்கே பிடித்தால் தோளையே இழுக்கும்.

விண்வெளியில் தண்ணீர் இல்லையே. அப்படியானால் பாய்க்கலம் சூரியனிடமிருந்து விலகி மட்டும்தான் போக முடியுமா? திரும்பி வர வழியே இல்லையா? பூமியின் துருவத்துக்கு மேலே ஒரு கலத்தைப் பாயால் நிறுத்தி வைக்கலாம் என்று எங்கோ படித்த ஞாபகம், அது உண்மையா? பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். எனக்கும் அதுதான் வேண்டும்.

ரெதுயி மாணவன்:

அக்கா, நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இரண்டாம் வருஷம். சூரியனிலிருந்து எப்போதும் துகள்கள் காற்று மாதிரி வீசிக்கொண்டிருக்கும், அதற்குச் சூரியக் காற்று என்று பெயர். அதுதான் பாயைத் தள்ளுகிறது. லைட்செயில் 2 என்ற சின்னக் கலம் 2019 ஜூலையில் பாயை விரித்து, பூமியைச் சுற்றியபடியே இது வேலை செய்கிறது என்று காட்டியது.

ஆனால் ஓரிடத்தில் நிற்பது முடியாது என்றுதான் நினைக்கிறேன். சுற்றாமல் நின்றால் விழுந்துவிடும். கோள்கள் எப்படிச் சுற்றும் என்று சொல்லும் கெப்ளர் விதிதான் எந்தச் சுற்றுப்பாதைக்கும்.

கியூர்பீப் வாசி:

டீச்சரம்மா, வணக்கம். பெங்களூரில் செயற்கைக்கோள் வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். ஓய்வு பெற்றபின் கியூர்பீப்பில் மகள் வீட்டில் இருக்கிறேன். வெளியே மழை விடவில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் தம்பிக்கு ஒரு திருத்தம். பாயைத் தள்ளுவது சூரியக் காற்று இல்லை, ஒளி. காற்று என்ற பெயர் இருப்பதால் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. துகள்கள் தரும் அழுத்தம், ஒளி தரும் அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஒளிக்கு எடை இல்லை, ஆனால் மோதினால் தள்ளும். கண்ணாடி போன்ற பாயில் பட்டுத் திரும்பினால் இரண்டு மடங்கு தள்ளும்.

எவ்வளவு தள்ளும்? பூமி இருக்கும் தூரத்தில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடிப் பாயின் மேல் விழும் தள்ளல், உள்ளங்கையில் மூன்று கசகசா மணிகளை வைத்தால் தெரியும் பாரம்தான். லைட்செயில் 2இன் 32 சதுர மீட்டர் பாய்க்கு மொத்தமாக ஓர் அரிசி மணியின் பாரம். இதைக் கேட்டுப் பிள்ளைகள் ஏமாந்துபோக வேண்டாம். இது நிற்கவே நிற்காத தள்ளல். ராக்கெட் சில நிமிஷம் எரிந்து ஓய்ந்துவிடும், ஒளி ஓயாது. ஒரு கலத்துக்கு நொடிக்கு நொடி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வேகம்தான் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முடிவில் அது மணிக்கு 31 கிலோமீட்டர். ஒரு வருஷத்தில் நொடிக்கு 3 கிலோமீட்டருக்கும் மேல்.

எங்களுக்கு இந்தத் தள்ளல் முதலில் தொல்லையாகத்தான் அறிமுகமானது. வானிலைக் கருவி சுமந்த இன்சாட் 2 கோள்களுக்குச் சூரியத் தகடு தெற்குப் பக்கம் மட்டும்தான். வடக்குப் பக்கத்தில் அந்தக் கருவியைக் குளிர வைக்க வெறும் வானம் தெரிய வேண்டியிருந்தது, அங்கே தகடு வைக்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் இறக்கை இருந்தால் ஒளி அந்தப் பக்கத்தை மட்டும் தள்ளும், கோள் மெல்லத் திரும்பத் தொடங்கும். அதைச் சமன் செய்ய வடக்கே ஒரு நீண்ட கம்பின் நுனியில் ஒரு சூரியப் பாயை வைத்தோம். எங்கள் பேச்சிலும் அதற்குப் பெயர் பாய்தான். தராசின் மறு தட்டில் எடைக்கல் வைப்பது போல. ஒளியைக் கண்ணால் பார்க்கிறோம், தோலில் சூடாக உணர்கிறோம். அது தள்ளுவதையும் ஒரு கணக்கில் எழுதிச் சமாளிக்க வேண்டும் என்று முதன்முதலில் தெரிந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இனி உங்கள் அப்பாவின் அடிக்கட்டைக்கு வருவோம். நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. பாய் எப்படித் திரும்பினாலும் ஒளியால் அதைச் சூரியன் பக்கம் இழுக்க முடியாது. ஆனால் கலம் சும்மா நிற்கவில்லை, பூமியைப் போலவே நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாயைச் சாய்த்தால் தள்ளல் பாயின் முதுகுப்புறமாகச் சாய்ந்து போகும். அந்தச் சாய்வு ஓடும் திசையில் இருந்தால் கலம் வேகம் பெற்று வெளியே விரியும். ஓடும் திசைக்கு எதிராக இருந்தால் வேகம் குறையும், அப்புறம் சூரியனே அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பாய் பிரேக் போடுகிறது, இழுப்பது ஈர்ப்பு. படகுக்குத் தண்ணீர் எதுவோ, கலத்துக்கு அந்த ஈர்ப்புதான் அது. ஜப்பானின் இகாரோஸ் என்ற பாய்க்கலம், ராக்கெட் போட்டுக்கொடுத்த வெள்ளிப் பாதையில் பாயை விரித்துச் சோதித்தபடியே போனது. 2010 மே மாதம் கிளம்பி, அதே வருஷம் டிசம்பரில் வெள்ளிக் கோளைத் தாண்டியது. வெள்ளி நம்மைவிடச் சூரியனுக்கு அருகில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்துங்கள்.

ஒன்று, சாய்க்கச் சாய்க்கப் பாய் வாங்கும் ஒளியும் குறையும், தள்ளலும் குறையும். 45 பாகை சாய்த்தால் பாதிதான் மிஞ்சும். வேகத்தை மாற்றச் சுமார் 35 பாகைதான் தோதான சாய்வு.

இப்போது நிற்பது. இதைக் கவணை வைத்துச் சொல்லலாம். தினைப்புனத்தில் கிளி விரட்டிய அதே கவண்தான். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டித் தலைக்கு மேலே சுழற்றினால் கல் ஒரு வட்டம் போடும். அந்த வட்டத்தின் நடுவே உங்கள் கை இருக்காது. கை மேலே, வட்டம் கொஞ்சம் கீழே. கல்லைக் கயிறு இழுப்பது போக, பூமியும் கீழே இழுப்பதுதான் காரணம். பூமியின் இழுப்பு இல்லாவிட்டால் கையும் வட்டமும் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும்.

ஈர்ப்பு மட்டும் இருக்கும் சுற்றுப்பாதை இந்த இரண்டாவது வகை, அங்கே ஈர்ப்புதான் கயிறு. வட்டத்தின் தளம் பூமியின் மையத்தின் வழியாகத்தான் போகும். அதனால்தான் அசையாமல் நிற்பது போலத் தெரியும் டிவி கோள்கள் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு மேலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, நம் கூரை டிஷ்களும் வடக்கே பார்க்கின்றன. மொரீசியஸுக்கு நேர்மேலே ஒரு டிவி கோளை நிறுத்த முடியாது. தம்பி சொன்ன கெப்ளர் விதி இங்கே முழுக்கச் சரி.

பாய் கட்டினால் அது முதல் வகை ஆகிவிடும். கயிறு போக இன்னொரு கை தள்ளுகிறது. பாயைக் கொஞ்சம் வடக்கே சாய்த்துப் பிடித்தால் தள்ளலில் ஒரு பங்கு வடக்கே போகும், ஈர்ப்பில் ஒரு பங்கு தெற்கே இழுக்கும், இரண்டும் அடித்துக்கொள்ளும். வட்டம் அப்படியே மேலே தூக்கி நிற்கும். கெப்ளர் விதி பொய்யாகவில்லை, அது ஈர்ப்பு மட்டும் இருக்கும் இடத்துக்கு எழுதிய விதி. இந்தத் தூக்கி வைத்த வட்டங்களைப் பற்றி ஸ்காட்லாந்துக்காரர் காலின் மெக்கின்ஸ் வாழ்நாள் முழுக்க வேலை செய்திருக்கிறார். டிவி கோளின் வட்டத்தையே சில பத்துக் கிலோமீட்டர் தூக்கலாம் என்பதும் அவரும் ஷாகித் பேக்கும் 2010இல் காட்டிய கணக்குதான். அதற்கு முன்பு அது நடக்காது என்று எழுதியவர்களும் உண்டு.

அடுத்து எடை. என் கருத்தில் இந்த விஷயத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பாய் எவ்வளவு பெரியது என்பதைப் பார்க்காதீர்கள், ஒரு சதுர மீட்டருக்கு மொத்தக் கலமும் எத்தனை கிராம் வருகிறது என்று பாருங்கள். பள்ளி பிரிண்டரில் போடும் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

இகாரோஸ் 14 மீட்டருக்கு 14 மீட்டர் பாய், எடை 310 கிலோ. சதுர மீட்டருக்கு 1,600 கிராம் அளவு, இருபது தாள் அடுக்கியது போல. லைட்செயில் 2 ஐந்து கிலோ, 32 சதுர மீட்டர். இரண்டு தாள். ஒரே ஒரு தாளின் எடைக்கு வந்துவிட்டால், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கும் பூமியின் காந்த வால் பக்கம் நீண்ட வட்டத்தில் சுற்றும் ஒரு கலத்தின் பாதையை நாளுக்கு ஒரு பாகை திருப்பி, வருஷம் முழுக்க வாலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பாயைத் திருப்பக்கூட வேண்டாம், எப்போதும் சூரியனைப் பார்த்தபடி இருந்தால் போதும். இந்தத் திட்டத்துக்கு ஜியோசெயில் என்று பெயர். தாளில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தால் ஆதித்யா இருக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில், சூரியனுக்கு இன்னும் அருகே, பூமியோடு ஒட்டிக்கொண்டே நிற்கலாம்.

தாளில் ஐம்பதில் ஒரு பங்கு, சதுர மீட்டருக்கு 1.53 கிராம் வரை இறங்கிவிட்டால் சூரியனின் ஈர்ப்பும் ஒளியின் தள்ளலும் சரிக்குச் சரி. அப்போது கலம் சுற்றவே வேண்டாம், சூரியனுக்கு எதிரே சும்மா தொங்கும். இரண்டுமே தூரத்துக்கேற்ப ஒரே விகிதத்தில் குறைவதால், எந்தத் தூரத்திலும் அப்படியே தொங்கும். எனக்கு இதைவிட அழகான கணக்கு கிடையாது. ஆனால் இன்று அது இயலாது. லைட்செயிலின் மைலார் தாள் 4.5 மைக்ரான் தடிமன்தான், அதுவே வெறும் தாளாகச் சதுர மீட்டருக்கு 6 கிராமுக்கு மேல். கம்பு, பெட்டி, ரேடியோ எல்லாம் அப்புறம்.

துருவத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன். பேத்தி கணினிக்காகக் காத்திருக்கிறாள்.

டர்பன் துணைமின்நிலையம்:

ஐயா எழுதியதில் ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். "ஆதித்யா இருக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு தூரம்." இது அழகுக்காகக் கேட்பது இல்லை, எங்களைப் போன்றவர்களுக்கு நிஜத் தேவை.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவன், தென்னாப்பிரிக்காவில் பதினாறு வருஷமாக உயர் அழுத்த மின்மாற்றிகளோடு வேலை. 2003 அக்டோபர் கடைசியில் சூரியன் பெரிய புயல்களைக் கக்கியது. பூமியின் காந்தப்புலம் ஆடினால் நீண்ட மின்கம்பிகளில் தேவையில்லாத மின்னோட்டம் ஓடும், மின்மாற்றியின் உள்ளே சூடேறும். அதற்குப் பின் வந்த மாதங்களில் இந்த நாட்டில் பல பெரிய மின்மாற்றிகள் பழுதாயின. துருவத்துக்கு அருகில் இருக்கும் நாடுகளுக்குத்தான் இந்தத் தொல்லை என்று அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். நான் வேலைக்கு வருவதற்கு முன் நடந்தது இது, ஆனால் மூத்தவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு பெரிய மின்மாற்றி போனால் மாற்று கடையில் கிடைக்காது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இப்போது எச்சரிக்கை அந்த 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும் கலங்களிடமிருந்துதான் வருகிறது. புயல் நொடிக்கு 1,500 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அது கலத்தைத் தாண்டிப் பூமியைத் தொட 17 நிமிஷம்தான். ஹெர்மானஸ் ஊரில் இருக்கும் விண்வெளி வானிலை மையத்திலிருந்து செய்தி வந்து, ஒருவர் படித்து, இன்னொருவருக்குப் போன் செய்து முடிப்பதற்குள் பாதி போய்விடும். 30 லட்சம் கிலோமீட்டரில் ஒரு பாய்க்கலம் இருந்தால் 33 நிமிஷம். அந்தக் கூடுதல் நேரத்தில் மின்பாரத்தை மாற்றிவிடலாம், பராமரிப்புக்குத் துண்டித்து வைத்த மின்பாதையை மீண்டும் இணைத்துவிடலாம்.

இதைச் செய்யத்தான் நாசா சன்ஜாமர் என்று 1,200 சதுர மீட்டர் பாய் ஒன்றைத் திட்டமிட்டது. 2014இல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் சோலார் குரூசர், 1,650 சதுர மீட்டருக்கு மேல். 2022இல் அதுவும் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் செய்தி படிக்கும்போது எனக்கு வயிறு எரியும். நிலாவுக்குப் போவதைப் போல இது கண்ணுக்குத் தெரியும் சாதனை இல்லை. ஆனால் மருத்துவமனைகளில் விளக்கு எரிவது இதில் இருக்கிறது.

டீச்சர், அந்தப் பையனிடம் சொல்லுங்கள்: பாய் கட்டினால் வேறு இடத்தில் நிற்கலாம், அப்படி நின்றால் டர்பனில் ஒரு மாமா நிம்மதியாகத் தூங்குவார்.

ரெதுயி மாணவன்:

ஐயா, திருத்தத்துக்கு நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 லட்சம் கிலோமீட்டரில் சூரியன் இழுப்பது கூடுதலாகிறது, வட்டத்துக்குத் தேவையானது குறைகிறது, பூமி பின்னாலிருந்து இழுப்பது கால்பங்காகிவிடுகிறது. மிச்சத்தைப் பாய்தான் தாங்க வேண்டும். அது சூரிய ஈர்ப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு வருகிறது. 1.53ஐ அதால் வகுத்தால் 30 கிராம். நீங்கள் சொன்ன மூன்றில் ஒரு தாள் எனக்கும் கிடைத்துவிட்டது! சுற்றுப்பாதை இயக்கவியல் பாடத்தில் இப்படி ஒரு நாள்கூட சந்தோஷப்பட்டதில்லை.

ஒரு சந்தேகம். ஓயாத தள்ளல் என்றால் லைட்செயில் 2 ஏன் 2022 நவம்பரில் கீழே விழுந்து எரிந்தது?

கியூர்பீப் வாசி:

சபாஷ் தம்பி. அது 720 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அங்கே காற்று மிக மெல்லியது, ஆனால் பாய்க்கு எதிரே அதுவும் ஒரு கை. சூரியன் சுறுசுறுப்பானால் வளிமண்டலம் வீங்கி அந்தக் கை இன்னும் பலமாகும், அந்த வருஷங்களில் அதுதான் நடந்தது. அதோடு பூமியைச் சுற்றும்போது பாதி நேரம் சூரியனை நோக்கி ஓடுகிறோம், அப்போது ஒளி பிரேக் போடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை பாயைத் திருப்ப வேண்டும். மூன்றரை வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிது. 2024இல் நியூசிலாந்திலிருந்து போன நாசாவின் ஏசிஎஸ்3 என்ற பாய்க்கலம் இதனால்தான் ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தைத் தேர்ந்தெடுத்தது. 80 சதுர மீட்டர் பாய், அதைத் தாங்கும் கம்புகள் சுருட்டி வைக்கக்கூடிய கார்பன் இழை. விரிந்த பிறகு ஒரு கம்பு லேசாக வளைந்திருந்தது. எடையைக் குறைக்கும் எல்லா வேலையிலும் சண்டை கடைசியில் கம்போடுதான், தாளோடு இல்லை.

டீச்சரம்மா, துருவம். நிலநடுக்கோட்டுக் கோள்களுக்கு அட்சரேகை 81 பாகைக்கு மேல் எதுவும் தெரியாது, பூமியின் வளைவு மறைத்துவிடும். அங்கே பனி உருகுவதை, புயல் சுழல்வதை இடைவிடாமல் பார்க்க மேலே ஒரு கண் வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் ஃபார்வர்டு என்ற இயற்பியலாளர் இதற்காகவே சுற்றாமல் நிற்கும் பாய்க்கலம் ஒன்றை எண்ணி, ஸ்டாடைட் என்று பெயர் வைத்து, 1993இல் காப்புரிமையே வாங்கினார். அவர் கலத்தைத் துருவத்துக்கு நேர்மேலே வைக்கவில்லை. இரவுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, பூமியின் இழுப்பையும் ஒளியின் தள்ளலையும் எதிரெதிரே நிறுத்தினார். துருவத்தில் நிற்பவருக்கு அது நாளுக்கு ஒரு முறை வானைச் சுற்றி வருவது போலத் தெரியும்.

நேர்மேலே நிற்பதில்தான் சிக்கல். பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்தது, வருஷம் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஜூனில் வடதுருவம் சூரியன் பக்கம் தலை நீட்டும், டிசம்பரில் பின்னால் போகும். ஒளி எப்போதும் சூரியனிடமிருந்து வெளியேதான் தள்ளும். டிசம்பரில் சரியாக வரும் தள்ளல் ஜூனில் சரியாக வராது. அதனால் மெக்கின்ஸ், செரியோட்டி, ஹெய்லிகர்ஸ் போன்றவர்கள் பாயோடு ஒரு சின்ன மின் உந்து எஞ்சினையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். பாய் ஒரு பங்கைச் சுமக்கும், எஞ்சின் மிச்சத்தைப் பிடிக்கும், எரிபொருள் பல வருஷத்துக்கு வரும். ஆனால் நிற்பது 20, 30 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில். டிவி கோள் 36,000 கிலோமீட்டர்தான். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு கப்பலை அடையாளம் காண முடியாது, மேகக் கூட்டம் முழுவதும் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம்.

ஆக உங்கள் ஞாபகம் பாதி சரி. துருவத்துக்கு மேலே நிற்கும், பாய் மட்டும் போதாது. இதுவரை யாரும் அனுப்பவில்லை.

மாஹேபூர் டீச்சர்:

ஐயா, மின்மாற்றி அண்ணா, தம்பி, மூவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்துவிட்டது, நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழைய காலுறைக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, ஒன்றரை மீட்டர் கயிறு கட்டி, மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கவண் என்ற சொல்லை அன்றுதான் கற்றார்கள். ஒருவர் சுழற்ற, மற்றவர்கள் தள்ளி நின்று கைமட்டத்தையும் பழத்தின் மட்டத்தையும் பார்த்தார்கள். மெதுவாகச் சுழற்றினால் வட்டம் நன்றாகக் கீழே இறங்குகிறது, வேகமாகச் சுழற்றினால் கை மட்டத்துக்கு ஏறி வருகிறது, ஆனால் முழுவதும் வந்து சேருவதில்லை. இதை நான் சொல்லவில்லை, முன் வரிசையில் உட்காரும் ஒரு பெண் கண்டுபிடித்துச் சொன்னாள்.

அப்புறம் தாள். தாள்களை ஆளாளுக்குக் கையில் கொடுத்தேன். இரண்டு தாள், ஒரு தாள், மூன்றாகக் கிழித்தது. ஐம்பதில் ஒரு பங்குக்கு வந்தபோது கத்தரிக்கோலால் ஒரு கீற்று வெட்டி, இதை இந்த முழுத்தாள் அகலத்துக்குப் பரப்ப வேண்டும், அதற்குள் ரேடியோவும் இருக்க வேண்டும் என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தக் கீற்றை ஒரு பிள்ளை தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

பையனுக்கு டர்பன் மாமா செய்தியைச் சொன்னேன். சிரித்தான், ஆனால் உடனே அடுத்த கேள்வி. "புயல் அடித்தால் மாமா பாயைச் சுருட்டிவிடுவார். கலத்தில் யார் சுருட்டுவார்கள்?"

கியூர்பீப் வாசி:

சுருட்ட வேண்டாம், விளிம்பைச் சூரியன் பக்கம் திருப்பினால் போதும். கையைத் தண்ணீரில் நேராகப் பிடிப்பது போல, உங்கள் அப்பா காட்டியதுதான். திருப்புவதற்கும் ஆள் வேண்டாம். இகாரோஸின் பாய் ஓரங்களில் கால்குலேட்டர் திரையில் இருப்பது போன்ற திரவப் படிகப் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் ஒரு பட்டை பளபளக்கும், நிறுத்தினால் மங்கும். ஒரு ஓரம் பளபளத்து எதிர் ஓரம் மங்கினால் தள்ளலில் வித்தியாசம் வந்து பாய் தானாகத் திரும்பும். கயிறும் இல்லை, சுக்கானும் இல்லை.

அவனுடைய மாமாவின் பிரோக்கில் ஒரு நாள் எனக்கும் இடம் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் பாய்களைக் கணக்கில்தான் பார்த்திருக்கிறேன்.

மாஹேபூர் டீச்சர்:

கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, காற்று ஏறுவதற்கு முன் வரச் சொன்னார். மழைச் சட்டை எடுத்து வாருங்கள் ஐயா, லகூனுக்குள்ளேயே தண்ணீர் மேலே அடிக்கும்.